டிசம்பரில் பிறந்த டிஸ்க்

அழைப்பு மணி மூன்றாவது தடவை அடித்தபோதுதான் அது தன் வீட்டு மணி என்று அவளுக்கு உறைத்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் இரண்டு பேர். முன்னால் நின்ற பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். காதோரம் நரை, கையில் மடக்கிய குடை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். பின்னால் நின்றவனுக்கு நாற்பது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மூன்று திருப்புளிகள் குத்திட்டு நின்றன.

"இவன் என் உதவியாள். எல்லாரும் திருப்புளின்னுதான் கூப்பிடுவாங்க" என்றார் துப்பறிவாளர்.

"எதைக் குடுத்தாலும் கழட்டிடுவேன் மேடம். திருப்பி மாட்டறப்போ ரெண்டு ஸ்க்ரூ மிஞ்சும். அது கம்பெனிக்கு" என்றான் அவன்.

இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. முகம்தான் ஒத்துழைக்கவில்லை. "உள்ள வாங்க" என்றாள்.

அவள் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் பகுதியில் இருபத்திரண்டு வருஷ வேலை; ஐந்து மாதமாக லீவு. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், துணி துவைக்கிறாள். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ செய்வதைப் போல நடந்துகொண்டிருந்தது. இறந்த அன்றுகூட அவள் அழவில்லை. வந்தவர்கள் அதிர்ச்சி என்றார்கள். பிறகு வந்தவர்கள் கல்நெஞ்சு என்றார்கள். இரண்டும் தூரத்து ரேடியோவாகத்தான் கேட்டது.

டீ போட்டுக்கொண்டு வந்தாள். திருப்புளி ஒரு வாய் குடித்தான். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதுல டீத்தூள் இருக்கறதை என்னால கண்டுபிடிக்க முடியல. உங்க கம்ப்யூட்டர் மேல எனக்கு அனுதாபம் வருது."

அவள் தன் கோப்பையைப் பார்த்தாள். வெறும் சூடான பால். நேற்றும் இதைத்தான் குடித்திருப்பாளோ என்னவோ.

"நல்லாத்தான் இருக்கு" என்று துப்பறிவாளர் கோப்பையைக் காலி செய்தார். "போன்ல சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க."

அவள் சொன்னாள். மனப்பாடமாக வந்தது.

கணவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் தரச் சோதனை எஞ்சினியர். கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்து, தூண் தாங்குமா தாங்காதா என்று எழுதிக் கொடுப்பது வேலை. போன நவம்பரில் அந்தக் கம்பெனி கட்டிய அடுக்குமாடி கார் நிறுத்தத்தின் மூன்றாவது தளம் இரண்டாவது தளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. காரை எடுக்க வந்த ஒரு பெண்ணும் அங்கே காவலுக்கு இருந்தவரும் இறந்தார்கள். மூன்றாம் நாள், ஆபீஸ் படிக்கட்டில் ஏறும்போதே கணவருக்கு மாரடைப்பு. அதற்கு அடுத்த நாள் கம்பெனி அறிக்கை விட்டது: தூண்களுக்குச் சான்று கொடுத்தது அவர்தான், கையெழுத்து அவருடையதுதான்.

"அவர் அப்படிக் கையெழுத்துப் போட மாட்டார். 'இந்தத் தூணுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்'னு போன வருஷம் வீட்ல புலம்பிட்டு இருந்தார். வேலை சம்பந்தமான எல்லாத்தையும் ரெண்டாவது டிஸ்க்லதான் வைப்பார். விசாரணைக் குழு ஆவணம் கேட்டப்போ, மார்ச் மாசம் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரு டிஸ்க்தான் காட்டுது. ரெண்டாவது இல்ல."

"மெக்கானிக் பார்த்தாங்களா?"

"மூணு பேர். முதல் ஆள் கேபிளை மாத்தினார். ரெண்டாவது ஆள் எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினார். மூணாவது ஆள் டிஸ்க் செத்துப்போச்சுன்னார். 'தூக்கிப் போட்ருங்க, ஒரு ஆளே போயாச்சு, டிஸ்க் போறதா பெரிசு'ன்னார்."

"அந்த மூணாவது ஆளைக் கழட்டினா உள்ளே ஒண்ணும் இருக்காது மேடம்" என்றான் திருப்புளி.

"கெடு எப்போ?"

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி."

துப்பறிவாளர் மணி பார்த்தார். பத்து முப்பத்தைந்து. "ஆரம்பிப்போம்."

கணவரின் அறையில் மேஜை, சுழல் நாற்காலி, அலமாரியில் வரிசையாகக் கான்கிரீட் கட்டிகள். ஒவ்வொன்றிலும் தேதி. திருப்புளி கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்து, அது முழுதாக விழித்துக்கொள்வதற்குள் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

"மெஷின் தூக்கத்துல உளர்ற இடம் இதுதான். பொய் சொல்லத் தெரியாது" என்றான். விரல் திரையில் ஒரு வரியில் நின்றது. "அக்கா, இங்க பாருங்க. ரெண்டு டிஸ்க்கும் இருக்கு. செத்த டிஸ்க் இங்க பேர் குடுக்காது. அனேகமா."

மெஷின் முழுதாக விழித்தது. அவன் உள்ளே போய், உள்ளே, இன்னும் உள்ளே போய் ஒரு பட்டியலைத் திறந்தான். முதல் டிஸ்க் நீலப் பட்டையாக இருந்தது. அதன் கீழே இன்னொரு பட்டை, வெறும் கறுப்பாக.

"என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"மனை இருக்கு மேடம், வீடு கட்டலை. தெருப் பேர் இல்ல, கதவு நம்பர் இல்ல. கம்ப்யூட்டர் ஒரு தபால்காரன் மாதிரி. அட்ரஸ் இல்லாத இடத்தை அது கண்ணெடுத்துப் பாக்காது. இந்த டிஸ்க் சாகலை." அவன் சற்று நிறுத்தினான். "இது இன்னும் வாழவே ஆரம்பிக்கலை. கடையில வாங்கினது வாங்கினபடி இருக்கு. ஒரு எழுத்து எழுதினதில்ல."

"என் கணவர் அஞ்சு வருஷமா அதுல எழுதினார்."

"அழிச்சிருக்கலாம்ல?" என்றார் துப்பறிவாளர்.

"அழிச்சிருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்துடலாம்."

பக்கத் தகட்டைக் கழற்றி, டிஸ்க்கை உருவி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். துப்பறிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் லேபிளைப் படித்தார். பிறகு அவளிடம் திரும்பினார். குரல் மாறவில்லை.

"உங்க கணவர் தவறினது எந்தத் தேதி?"

"நவம்பர் பதினொண்ணு."

"இந்த டிஸ்க் தயாரானது டிசம்பர்னு லேபிள்ல போட்டிருக்கு. அவர் போனதுக்கு அப்புறம் பொறந்தது. இதுல அவர் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது."

திருப்புளி மெல்ல விசிலடிக்க ஆரம்பித்து, பாதியில் விழுங்கினான்.

"மூணு மெக்கானிக்கும் இந்த லேபிளைப் பாத்திருக்காங்க. ஆனா அவர் எப்போ போனார்னு அவங்க யாரும் கேக்கலை" என்றார் துப்பறிவாளர். "யாரோ பழைய டிஸ்க்கை எடுத்துட்டு அதே மாடல்ல புதுசு வெச்சிருக்காங்க."

"எடுத்துட்டுப் போனவன் போக வேண்டியதுதானே? எதுக்குப் புதுசு வாங்கி வைக்கணும்? திருடன் மொய் எழுதிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றான் திருப்புளி.

"இடம் காலியா இருந்தா திருட்டுன்னு சத்தம் போடுவாங்க. டிஸ்க் இருந்து, வேலை செய்யலைன்னா? தலையெழுத்துன்னு விட்டுடுவாங்க. இதைச் செஞ்சவங்களுக்கு டிஸ்க் கிடைக்கக் கூடாது. ஆனா திருட்டுன்னு யாரும் பயப்படவும் கூடாது." அவர் பெட்டிக்குள் குனிந்தார். "இந்த ஒயரை எல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கறது யாரு?"

உள்ளே வண்ண ஒயர்கள் ஒரு கொத்தாக, விசிறியில் சிக்காதபடி ஓரமாக ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தன. கட்டியிருந்தது ஒரு கறுப்பு வளையம். தலைமுடி கட்டுகிற துணி ரப்பர்.

"மூணு மெக்கானிக்ல எவனுக்காவது சடை இருந்துச்சா மேடம்?"

"இல்ல" என்றாள் அவள். அந்த வளையத்தைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. அதற்கு மேல் மனம் நகரவில்லை.

துப்பறிவாளர் வளையத்தைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். டிஸ்க்கைப் புரட்டினார். பின்பக்கத்தில் பொட்டு அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். வாரண்டிக்காகக் கடைக்காரர்கள் ஒட்டுவது. கடையின் பெயருக்குக் கீழே பேனாவில் 26-2 என்று எழுதியிருந்தது.

"இது பிப்ரவரியில வித்தது. மெக்கானிக் மூணு பேரும் வந்தது மார்ச். அவங்க தப்பிச்சாங்க. வண்டியை எடு."

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டாக நிற்க வேண்டும். தலைக்கு மேல் ஒயர்கள், காலடியில் காலி அட்டைப் பெட்டிகள். ஸ்டிக்கரில் இருந்த பெயரைத் தேடி அந்தச் சந்தின் கடைசிக் கடையைப் பிடித்தார்கள். கடைக்காரர் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வலையில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

"என் ஸ்டிக்கர்தான்" என்றார். "ரிப்பேரா? வாரண்டி இருக்கு. பில் இருக்கா?"

"பில்லு இல்ல, வாங்கின ஆளும் இல்ல. அதைத்தான் தேடிட்டு இருக்கோம்" என்றான் திருப்புளி.

"ஆளை எனக்கு எப்படித் தெரியும்? இந்த வலைக்குள்ள கைதான் வரும், மூஞ்சி வராது. நான் ஆளை மறந்துடுவேன், மாடலை மறக்க மாட்டேன்." டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். "இதுவா! இது ஞாபகம் இருக்கு. போன்ல பழைய டிஸ்க்கோட லேபிளை போட்டோ எடுத்துட்டு வந்து, இதே மாடல்தான் வேணும்னாங்க. அதே விலைக்கு டபுள் சைஸ் தரேன்னேன். வேணாமாம். உலகத்துல பெருசை வேணாம்னு சொல்லிச் சின்னதைக் கேட்ட ஒரே கஸ்டமர்."

"ரிஜிஸ்டர் வெச்சிருப்பீங்களே?" என்றார் துப்பறிவாளர்.

அவர் நீளமான நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். பிப்ரவரி இருபத்தாறு. டிஸ்க்கின் வரிசை எண். பக்கத்தில் பெயர் எழுதவில்லை. ஒரு போன் நம்பர் மட்டும்.

"பேர் கேட்டா பாதிப் பேர் பொய் சொல்லுவாங்க. நம்பர்ல பொய் சொல்ல மாட்டாங்க. வாரண்டி மெசேஜ் வரணும்ல."

துப்பறிவாளர் தன் போனை எடுத்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். காதில் வைத்தார்.

எங்கேயோ மணி அடித்தது.

யாராவது எடுப்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். மணி விடாமல் அடித்தது. கடைக்காரர் அவளைப் பார்த்தார். திருப்புளி அவளைப் பார்த்தான். அப்புறம்தான் தன் தோளில் தொங்கும் பை அதிர்வது அவளுக்குத் தெரிந்தது.

"உங்க நம்பரா மேடம் இது?" திருப்புளியின் குரலில் முதல் தடவையாக வேடிக்கை இல்லை.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். துப்பறிவாளரின் எண் திரையில் மின்னியது. ஆமாம், அவளுடைய நம்பர்தான். நோட்டிலும் அதுதான் இருந்தது. எப்படிக் கவனிக்காமல் போனாள்?

பிப்ரவரி இருபத்தாறு. அன்று என்ன செய்தாள்? யோசித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின நாள்? அதுவும் இல்லை. அந்த மாதமே ஒரு கறுப்புப் பட்டையாக இருந்தது.

"நானே வந்திருப்பேனோ?" என்று கேட்டாள். அவள் நிஜமாகவே கேட்டாள். "எனக்கு ஞாபகம் இல்ல. டீத்தூள் போட மறந்தேன். இதையும் மறந்திருக்கலாம்."

"உங்க போனைக் குடுங்க" என்றார் துப்பறிவாளர். மெசேஜ் பெட்டியைத் திறந்தார். படிக்காத மெசேஜ் முந்நூற்றுப் பதினேழு. கீழே, இன்னும் கீழே தள்ளினார். பிப்ரவரி இருபத்தாறு, மதியம் பன்னிரண்டே கால்: எங்கள் கடையில் பொருள் வாங்கியதற்கு நன்றி, வாரண்டி மூன்று வருஷம்.

"மறந்துபோறவங்க லேபிளை போட்டோ எடுத்து, அதே மாடலைத் தேடி, இந்தச் சந்துக்குள்ள நுழைய மாட்டாங்க. இது நல்லா முழிச்சிட்டு இருக்கற ஒரு ஆள் செஞ்ச வேலை. நீங்க இல்ல." அவர் கடைக்காரரிடம் திரும்பினார். "கைதான் பார்ப்பேன்னீங்க. அந்தக் கை எப்படி இருந்தது?"

"சின்ன வயசுக் கை. நகத்துல பென்சில் கறை. வாட்ச் கட்டற இடத்துல கறுப்பா ஒரு ரப்பர் பேண்ட்."

துப்பறிவாளர் தன் பையிலிருந்து அந்த வளையத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"கடையில நம்பர் கேட்டா யோசிக்காம உங்க நம்பரைச் சொல்ற ஆள் யாரு? பள்ளிக்கூடத்துல சேர்ந்த நாள்ல இருந்து எந்த ஃபாரத்துலயும் உங்க நம்பரையே எழுதிப் பழகின ஆள்?"

வளையம் கனமே இல்லாமல் இருந்தது. அவள் அதைத் தன் மணிக்கட்டில் மாட்டினாள். ஏன் மாட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என் பொண்ணு" என்றாள்.

சந்தின் முனைக்கு வந்து மகளை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்னம்மா? சாப்பிட்டியா?"

"எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான்மா."

"நீ வாங்கி வெச்ச டிஸ்க்கைப் பாத்தேன்."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தாள். இல்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"வீட்டுக்கு வரேன்" என்றாள் மகள்.

திருப்புளியின் வண்டி வீட்டை அடைய இருபது நிமிஷம் ஆனது. மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை.

"ஆபீஸ் எவ்வளவு தூரம்?" என்று துப்பறிவாளர் அம்மாவின் காதருகே கேட்டார்.

"பஸ்ல ஒரு மணி நேரம்."

மகள் அதைக் கேட்டுவிட்டாள். "நான் ஆபீஸ் போறதில்லம்மா. பிப்ரவரியிலேயே வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். தினம் பொது நூலகத்துல போய் உக்காந்திருக்கேன். சாயங்காலம் வரேன்."

இரண்டு மாதம். காலையில் பை மாட்டிக்கொண்டு போனவள், மாலையில் பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அம்மா எதையும் பார்க்கவில்லை.

உள்ளே போனதும் மகள் கைப்பையைத் திறந்து, அப்பாவின் கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"தினம் கூடவே வெச்சிருந்தேன். ஆத்துல போட்டுடலாம்னு ரெண்டு தரம் பாலத்துக்குப் போனேன். முடியல. அப்பா எழுதினது எல்லாம் இதுலதானே இருக்கு."

"எதுக்கு எடுத்த?"

"நீயே பாரும்மா."

திருப்புளி டிஸ்க்கைப் பொருத்தினான். மெஷின் விழித்தது. டிஸ்க் உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்டது. திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் வந்தது. அவன் கேபிளை மாற்றினான். மறுபடியும் அதே. நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"கைப்பையில அஞ்சாறு வாரம் குலுங்கியிருக்கு. போயிருக்குமோ அக்கா?"

மணி மூன்றே கால்.

"அந்த சாக்கெட் சரியில்ல" என்றாள் மகள். "மேல இருந்து ரெண்டாவது சாக்கெட்லதான் அப்பா எப்பவும் மாட்டுவார். முதலாவது பிடிக்கும், விட்டுடும்."

அவன் ஒரு இடம் தள்ளி மாட்டினான். இந்தத் தடவை இரண்டாவது டிஸ்க் வந்தது, கணவர் வைத்த பெயரோடு: 'வேலை'.

அந்தக் கார் நிறுத்தத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர். உள்ளே நான்கு அறிக்கைகள். கணவர் கோப்புகளுக்குக்கூடச் சுருக்கமாகத்தான் பெயர் வைப்பார். 'முடியாது 1'. 'முடியாது 2'. 'முடியாது 3'. அதற்கு அடுத்தது: 'சரி'.

அவள் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். முதல் மூன்றும் மே மாதம். மூன்றாவது தளத் தூண்களில் வலு போதாது, இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும் என்று மூன்று விதமாக எழுதியிருந்தார். மூன்றாவதோடு டைரக்டரின் பதில் இருந்தது: 'இனிமேல் சோதனை எதுவும் வேண்டாம். நான் கேட்பது கையெழுத்து.' நான்காவது ஜூன் பத்தொன்பது. தூண்கள் தரமானவை. கீழே அவர் கையெழுத்து. அவசரமே இல்லாத, வட்டமான, அவள் இருபத்தேழு வருஷமாகப் பார்த்த கையெழுத்து.

"அடுத்ததையும் பாரு" என்றாள் மகள்.

அடுத்தது ஒரு நியமனக் கடிதத்தின் நகல். அதே கம்பெனியின் வரைபடப் பிரிவில் மகளுக்கு வேலை. தேதி ஜூன் இருபது.

"எனக்கு இன்டர்வியூவே வைக்கலம்மா. நேரா லெட்டர் வந்துச்சு. நான் கெட்டிக்காரின்னு நினைச்சேன்." மகளின் குரல் தட்டையாக இருந்தது. தன் குரலும் வெளியே இப்படித்தான் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. "உனக்கு உதவலாம்னுதான் பிப்ரவரியில தேட ஆரம்பிச்சேன். இதைப் பார்த்தேன். நீ தினம் சொல்லிட்டே இருந்த, அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்னு. அது ஒண்ணைத்தான் நீ பிடிச்சிட்டு இருந்த. அதையும் நான் எப்படிப் பிடுங்கறது?"

திருப்புளி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"டிஸ்க்கைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு" என்றார் துப்பறிவாளர். "இதுக்கு மேல நான் எதுவும் சொல்லக் கூடாது. குடுத்தாலும் குடுக்காட்டியும் என் வாய்ல இருந்து வராது. இவன் வாய்க்கும் நான் பொறுப்பு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முடியாது. ஒரு சரி. அந்த ஜூன் பத்தொன்பதாம் தேதி அவர் வீட்டுக்கு வந்து என்ன பேசினார்? அது நினைவில் இருந்தது. துல்லியமாக இருந்தது. 'உன் பொண்ணுக்கு வேலை கிடைச்சுடும் போலிருக்கு' என்றார். அவள் சந்தோஷப்பட்டாள். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வெயில் என்று நினைத்தாள்.

"பிரின்ட் எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"அம்மா, அப்பா பேர்..."

"மூணு தரம் முடியாதுன்னதும் அப்பாதான். நாலாவது தரம் சரின்னதும் அப்பாதான். பாதி அப்பாவை மட்டும் எடுத்துட்டுப் போய்க் குடுக்க முடியாது." அவள் எழுந்தாள். "நாலும் எடுங்க. டைரக்டரோட பதிலும். அந்த வேலை லெட்டரும்."

"அதுல என் பேர் இருக்கும்மா."

"இருக்கு."

மகள் பிரின்டரில் தாளைச் செருகினாள்.

விசாரணைக் குழுவின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. போய்ச் சேரும்போது மணி நாலு நாற்பது. துப்பறிவாளரும் திருப்புளியும் கீழே வண்டியிலேயே இருந்துவிட்டார்கள். கவுன்டரில் இருந்த குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார்.

"பொறுப்பானவர்னு பேர் அடிபடறவருக்கு நீங்க என்ன உறவு?"

"மனைவி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். "ஆவணம் அவருக்கு ஆதரவாவா, எதிராவா? ஏதாவது ஒரு கட்டத்துல டிக் அடிங்க."

"நடந்தது இதுதான்னு ஒரு கட்டம் இருக்கா?"

"இல்லம்மா. ரெண்டுதான்."

அவள் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தாள். குமாஸ்தா என்னவோ சொல்ல வாயெடுத்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி உள்ளே வைத்தார்.

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து தினமும் வருகிறவள். இறந்துபோன காவலாளியின் மனைவி. அவளைக் கடந்து போகும்போதெல்லாம் இவள் தலையைக் குனிந்துகொள்வது வழக்கம். இன்று போய் எதிரில் நின்றாள். மகள் இரண்டடி பின்னால்.

"என் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டார்" என்றாள்.

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியும். ஊரே சொல்லுச்சு. நீங்கதான் சொல்லாம இருந்தீங்க."

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

பெஞ்சில் இடம் இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. இவள் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே குமாஸ்தா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"எப்போ போட்டாரு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஜூன் பத்தொம்பது."

அந்தப் பெண் விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். எண்ணி முடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கட்டடத்தைத் திறந்தன்னைக்கே, ஜூன் இருபத்தி மூணு, எங்க வீட்டுக்காரரு அங்க காவலுக்குச் சேர்ந்தாரு" என்றாள். "அதுக்கு முன்னால ஒரு வருஷம் சும்மாதான் இருந்தாரு. வேலை கிடைச்சுடுச்சுன்னு அன்னைக்கு வீட்ல எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தோம்."

மகள் ஓடி வந்து பிடிப்பதற்குள் இவள் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையதுதான் என்று இந்தத் தடவை அவளுக்கு உடனே தெரிந்தது.